இம்ரியின் கறுப்பு அங்கி

அந்த மருத்துவமனையில் என் சலவைத் தொட்டிக்கு வராத துணி ஒன்றே ஒன்றுதான். விரிப்புகள், கட்டுத் துணிகள், செத்தவர்களின் சட்டைகள், பாதிரியாரின் கழுத்துப் பட்டை வரை எல்லாம் என் கைக்கு வந்து போயின. அறுவை மருத்துவர் இம்ரியின் கறுப்பு அங்கி மட்டும் வரவில்லை. அது அறுவை அறைச் சுவரில் ஒரு பித்தளைக் கொக்கியில் தொங்கியது. கொண்டு வா என்று நானும் கேட்டதில்லை. அதன் பக்கத்தில் போகவே எனக்குப் பயம்.

அதைக் காவல் காத்தவள் கிரிசல் மில்ன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் போர்ட் கார்வியைத் தாண்டி அவள் பெயர் யாருக்கும் தெரியாது. இம்ரியைப் பற்றி எழுத எடின்பரோவில் ஆள் இருக்கிறது, எழுதிக்கொள்ளட்டும். அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, நகர மன்றத்தில் படம் இருக்கிறது, படத்தில் இருப்பதைவிட அவர் குட்டை. நான் சொல்ல வந்தது கிரிசலைப் பற்றி. பால் பல் விழுந்த வயதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே சந்தில் வளர்ந்தோம், ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடித்தனம் நடத்தினோம்.

அவள் புருஷன் ஆண்ட்ரா திமிங்கல வேட்டைக்கு வடக்கே போனவன். அந்தக் கப்பல் திரும்பவில்லை. கையில் நடை பழகும் மகள் எஃபி. அதற்கு மேல் இரண்டு குளிர்காலம் போன பிறகு கிரிசலுக்கு வயிறு பெருக்க ஆரம்பித்தது. மீன் அறுக்கும் கொட்டடியில் பெண்களின் வாயைக் கேட்கவா வேண்டும்?

"ஆண்ட்ரா ஐஸுக்கு அடியில இருக்கான். வயிறு மட்டும் எப்படிடி வளருது?"

"கடல் தண்ணி வழியா தூது விட்டிருப்பான்!"

சிரிப்பு தேவாலயம் வரை போய்ச் சேர்ந்தது. எங்கள் வழக்கப்படி மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டு, சபைக்கு நடுவில் நிறுத்தி, தகப்பன் பெயரைக் கேட்டார்கள். அவள் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். மூப்பர்களில் மூத்தவர், ஹெர்ரிங் மீன் வியாபாரி ஸ்கீன், மறுபடியும் அதட்டினார்.

"பேரைச் சொல்லு. சொன்னா மன்னிப்பு உண்டு."

"பத்து மாசம் தாண்டி இன்னொரு பத்து மாசமும் முடியப் போகுது ஐயா. இன்னும் எத்தனை மாசம் சுமந்தா இது குழந்தை இல்லன்னு நம்புவீங்க?"

 அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லாக்லன் இம்ரி படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்தார். மீசை கூடச் சரியாக முளைக்காத மனிதர். அவளைப் படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி என்றார். விட்டால் அது அவளைத் தின்றுவிடும். வயிற்றைத் திறந்து எடுத்தால் ஒருவேளை பிழைப்பாள். இந்தக் கரையில் அதுவரை யாரும் அப்படி ஒரு வயிற்றைத் திறந்ததில்லை. எடின்பரோவில் அவருக்குப் பாடம் சொன்னவர்களே அதற்குக் கொலை என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

"என் பிள்ளைக்கு நான் ஒருத்திதான். திறங்க," என்றாள் கிரிசல்.

நாள் குறித்தார்கள். ஆனால் நாள் வருவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு மூச்சு முட்டிப்போய் உதடு நீலமாகிவிட்டது. நான் தேவாலயத்துக்கு ஓடி, பிரசங்கத்துக்கு நடுவிலேயே இம்ரியின் தோளைத் தட்டினேன். அவர் அப்படியே எழுந்து வந்தார். அன்றுதான் முதல் முறையாக உடுத்திய கறுப்புக் கம்பளி அங்கி, முழங்கால் வரைக்கும் நீளம், பித்தளைப் பொத்தான்கள், தையற்காரனின் சுண்ணாம்புக் கோடு கூட இன்னும் அழியவில்லை. அதைக் கழற்ற அவருக்குப் பொறுமை இல்லை. சமையலறை மேசையில் நான் முந்தின நாள் கொதிக்க வைத்து வெளுத்த விரிப்பை விரித்தோம். என் நல்ல விரிப்பு. அந்த நேரத்திலும் எனக்கு அது உறுத்தியது, பொய் சொல்வானேன்.

மயக்க மருந்தெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. அண்டை வீட்டுக்காரர்கள் கையையும் காலையும் பிடித்தோம். இடது கால் என் பங்கு. கிரிசல் தனக்குத் தெரிந்த வேதாகமச் சங்கீதம் எல்லாம் சொன்னாள். அது தீர்ந்ததும் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னாள். இம்ரியின் கை முழங்கை வரை அவள் வயிற்றுக்குள் போனது, அங்கியின் கையோடு சேர்ந்து. வெளியே எடுத்ததை வாளியில் போட்டபோது வாளி நிரம்பிவிட்டது.

அவள் பிழைத்தாள். மாதம் திரும்புவதற்குள் கஞ்சிக்கு உப்பு போதவில்லை என்று என்னிடம் சண்டை போடும் அளவுக்குப் பிழைத்தாள்.

ஓய்வுநாளில் கத்தி எடுத்ததற்காக இம்ரியை மூப்பர்கள் கண்டித்தார்கள். அடுத்த வாரமே எங்கெங்கிருந்தோ வயிறு வீங்கிய பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஊர்ப் பணக்காரர்கள் சேர்ந்து அவருக்காக மருத்துவமனை கட்டினார்கள், கண்டித்த அதே ஸ்கீன்தான் நிர்வாகத் தலைவர். இம்ரி துணிந்தவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரும் தொடப் பயந்த இடத்தில் தொட்டார். எத்தனையோ பெண்கள் அவரால் எழுந்து நடந்தார்கள். அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன்.

ரத்தம் பட்ட அந்த அங்கியை அவர் தேவாலயத்துக்கு மறுபடி உடுத்த முடியுமா? அறுவைக்கென்றே ஒதுக்கிவிட்டார். அதன் மேல் அடுத்த பெண்ணின் ரத்தம், அதன் மேல் மாலுமியின் கால், அதன் மேல் யாருடையதோ சீழ். அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் எல்லாருமே அப்படித்தான். அங்கி எவ்வளவு விறைத்திருக்கிறதோ அவ்வளவு கை தேர்ந்தவர் என்று அர்த்தம். துவைத்த அங்கியோடு ஒருவர் வந்தால், இவர் இன்னும் ஒன்றும் வெட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறதே என்று ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். இம்ரியின் அங்கியைக் கழற்றித் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலேயே நிற்கும். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் பெருமைப்பட்டது.

கிரிசலுக்கு அறுவை அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார் இம்ரி. தரையில் மரத்தூள் போடுவாள், கத்தியைத் துடைப்பாள், பிடித்துக்கொள்ள ஆள் திரட்டுவாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த அங்கி. உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுவாள், தண்ணீர் காட்ட மாட்டாள். அறுவைக்கு வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்லி, அங்கியின் நுனியைத் தொட்டுக் கும்பிடச் சொல்வாள். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. மீன்காரப் பெண்கள், கப்பல் தச்சர்கள், ஒரு தடவை ஸ்கீனின் மனைவி கூட. தொட்ட விரலை உதட்டில் வைத்துக்கொள்வார்கள். என்னால் அதைப் பார்க்க முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நல்லதுதானே நடந்தது என்று கேட்பீர்கள். நடந்தது, ஆரம்பத்தில். போகப் போக என் தொட்டிக்கு வருகிற விரிப்புகள் வேறு கதை சொல்ல ஆரம்பித்தன. அவற்றில் ஒரு வாடை வரும். அழுகிய பழத்தின் இனிப்பு மாதிரி தொடங்கி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடையோடு விரிப்பு வந்தால், அந்தப் படுக்கைக்காரர் எழுந்து போகப் போவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனைக் காய்ச்சல் என்று பெரியவர்கள் சொன்னார்கள், கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனியால் வருகிறது என்று சன்னலை இறுக்கி அடைத்தார்கள். நானும் மூடுபனியைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இம்ரிக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. அறுவையின்போது ஒரு எலும்புச் சில்லு விரலில் கீறியது. சாயங்காலம் கை வீங்கியது. வாரம் முடிவதற்குள் தோள் வரை கறுத்துவிட்டது. அவர் படுத்திருந்த விரிப்பும் என்னிடம் வந்தது, அதே வாடையோடு. சாகும்போது கிரிசலைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"எனக்கப்புறம் யார் கத்தி எடுத்தாலும் என் அங்கியைப் போட்டுக்கிட்டு எடுக்கணும் கிரிசல். உன்னைக் காப்பாத்துன அங்கி. அதைப் பத்திரமா பாத்துக்க."

"என் உசுரு இருக்கிற வரைக்கும் ஐயா."

அப்படித்தான் அந்த மகானின் சொத்து அவள் கைக்கு வந்தது. அடுத்து வந்தவர் பல வருஷம் அதையே போட்டார். அந்தக் கொக்கியிலிருந்து அங்கி இறங்கும் நாட்களில் கழுவுமிடத்தில் எனக்கு வேலை கூடும்.

ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் கிரிசலிடம் கேட்டே விட்டேன்.

"ஏண்டி, அது நாறுது. ஒரே ஒரு தடவை பச்சைத் தண்ணியில அலசித் தாரேனே?"

"நாறுதா? அது அனுபவத்தோட வாசனைடி."

"செத்த திமிங்கலத்துக்கும் அனுபவம் இருக்கு. அதைக் கொண்டுபோய் மாட்டி வைக்கிறதுதானே!"

"பெல்லா, வாயைக் கழுவு. அதுல முதல்ல பட்டது என் ரத்தம். அதை அலசணும்னா என்னைப் புதைச்சிட்டு அலசு."

ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எஃபிதான் நடுவில் ஓடி இரண்டு வீட்டுக்கும் ஓட்ஸ் ரொட்டி பரிமாறி எங்களைச் சேர்த்து வைத்தாள்.

எஃபி ஹெர்ரிங் மீன் அறுக்கிறவள். கத்தி படாமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, வேலை நேரமெல்லாம் பாட்டும் கேலியுமாக நிற்பாள். என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவளைத்தான் என் பிள்ளையாக நினைத்தேன். அவள் முப்பதைத் தொட்ட வருஷம், இடுப்புப் பட்டையை ஒரு துளை தள்ளிப் போட்டாள். பிறகு இன்னொரு துளை. கிரிசல் அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவள் கை தன் வயிற்றுத் தழும்புக்குப் போய் நின்றுவிட்டது.

அப்போதைய அறுவை மருத்துவர் லம்ஸ்டன், கிளாஸ்கோவில் படித்துவிட்டு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வந்ததிலிருந்தே ஊர் அவரைப் போட்டு வறுத்தது. கத்தியைத் தொடும் முன்பே கையைக் கழுவுவார். தார் வாடை அடிக்கும் ஒரு மருந்துத் தண்ணீரை எல்லாவற்றின் மீதும் தெளிப்பார்.

"படகுக்குத்தான் தார் பூசுவாங்க. இவரு ஆளுக்கே பூசுறாரு," என்றது துறைமுகம். பயந்தாங்கொள்ளி என்றும், துணிவில்லாத கைதான் இத்தனை தடவை கழுவும் என்றும் பேசினார்கள். அவரிடம் வெட்டுக்கு வர ஆள் இல்லை. சின்னச் சின்னக் கட்டுகளோடு காலம் தள்ளினார்.

அவர் எஃபியைச் சோதித்துவிட்டு, அம்மாவுக்கு வந்த அதே கட்டி, எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்றார். நான் துவைத்த விரிப்புகளோடு அங்கே நின்றிருந்தேன். கிரிசல் தலையாட்டிவிட்டு, கொக்கியிலிருந்து அங்கியை இறக்கி அவர் முன் நீட்டினாள்.

"நான் அதைப் போடுறதில்லை," என்றார் லம்ஸ்டன்.

"தெரியும் ஐயா. சின்ன வேலைக்கு வேண்டாம். இது என் பொண்ணு."

"உங்க பொண்ணுங்கிறதாலதான் வேண்டாங்கிறேன். அதுல எத்தனையோ பேரோட பழைய சீழ் இருக்கு. அதுல கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு உசுரோட இருக்குன்னு சொல்றாங்க. அது புண்ணுக்குள்ள போனா ஆளைக் கொன்னுடும்."

கிரிசல் சிரித்தாள். கோபத்தில் சிரிக்கும் சிரிப்பு அது.

"கண்ணுக்குத் தெரியாததை நீங்க நம்புங்க. நான் கண்ணால பாத்ததை நம்புறேன். இந்த அங்கியோட கை என் வயித்துக்குள்ள போயிட்டு வந்துச்சு. கொன்னுச்சா? நான் முன்னால நிக்கல?"

 லம்ஸ்டன் முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்ல? உடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எஃபியும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மாவைக் காப்பாத்துன அங்கி இல்லாம நான் அந்த மேசையில ஏற மாட்டேன் டாக்டரய்யா. கட்டியோடவே போறேன். இதுக்கும் ஒரு பேரு வச்சு, சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போய் ஞானஸ்நானம் கொடுத்துடலாம்."

ஸ்கீன் காதுக்கு விஷயம் போய்விட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மிஸ்டர் லம்ஸ்டன், இந்த மருத்துவமனை இம்ரியோடது. அவர் அங்கியைத் தொட அருவருப்பா இருந்தா, கிளாஸ்கோவுக்கு ரயில் இருக்கு."

லம்ஸ்டன் கெட்டவர் இல்லை. இன்றுவரை நான் அப்படித்தான் சொல்வேன். அவர் ஊரை விட்டுப் போனால் எஃபியின் வயிற்றைத் திறக்க வேறு ஆள் இல்லை, கட்டியோ நிற்காமல் வளர்கிறது. அதனால் அவர் பாதி வழிக்கு வந்தார். அங்கியைப் போட்டுக்கொள்கிறேன், ஆனால் அதன் மேல் என் மருந்தைத் தெளித்துக்கொள்வேன் என்றார். கிரிசல் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். தண்ணீர் காணாத அங்கியை நனைக்க அவள் சம்மதித்ததே பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அறுவை நாளில் கதவோரமாக நின்றேன். எஃபி அங்கியின் நுனியைத் தொட்டு விரலை உதட்டில் வைத்தாள். இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்ட மயக்க மருந்தைத் துணியில் நனைத்து அவள் முகத்தில் போட்டார்கள். லம்ஸ்டன் அங்கிக்குள் நுழைந்தார். அவர் உயரத்துக்கு அதன் கை குட்டையாக இருந்தது. தார் வாடைத் தண்ணீர் தெளித்ததும் இத்தனை வருஷமாகக் காய்ந்து இறுகிக் கிடந்த ரத்தமும் சீழும் மெல்ல இளக ஆரம்பித்தன. கையின் விளிம்பில் பழுப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழுந்ததா, எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டி முழுதாக வந்தது. ரத்தம் அதிகம் போகவில்லை. லம்ஸ்டனின் கை இம்ரியின் கையைவிடச் சுத்தமான கை என்று பக்கத்தில் நின்றவர்களே சொன்னார்கள். ஸ்கீன் அவர் முதுகில் தட்டினார். அன்று சாயங்காலம் கிரிசல் அங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அதன் மார்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நன்றி, நன்றி என்று அதனிடம் சொன்னாள். மயக்கம் தெளிந்த எஃபி முதலில் கேட்டது, கட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்றுதான். நாங்கள் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இரண்டொரு நாளில் அவள் விரிப்பு என் தொட்டிக்கு வந்தது.

மூட்டையைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாடை. மூட்டையை மறுபடி கட்டினேன். கட்டினால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா? தரையில் உட்கார்ந்து என் வாயை நானே பொத்திக்கொண்டேன். படி ஏறி மேலே போனபோது எஃபிக்குக் கன்னம் இரண்டும் தீயாய்ச் சிவந்திருந்தன, பல் கிட்டிக்கொண்டது. கிரிசல் ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூடுபனி ஏறுது பெல்லா. அந்தச் சன்னலை அடை," என்றாள்.

அன்று மூடுபனியே இல்லை. வெளியே பளிச்சென்று வெயில் அடித்தது. நான் சன்னலை அடைத்தேன்.

கடைசி வரைக்கும் லம்ஸ்டன் எஃபியின் படுக்கையை விட்டு நகரவில்லை. எஃபி அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டு, பிறகு யாரையும் கூப்பிடாமல் போனாள். கிரிசல் நொறுங்கி விழுவாள் என்று நினைத்தேன். விழவில்லை. அறுவை அறைக்குப் போய் அங்கியை இறக்கிக்கொண்டு வந்து, செத்துக் கிடந்த பிள்ளையின் மேல் போர்த்தினாள். அது படிந்து விழாமல் கூடாரம் போல விறைத்து நின்றது. லம்ஸ்டன் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அடக்கம் முடிந்த பிறகு கிரிசல் அவரிடம் போனாள். கட்டுத் துணி அடுக்கிக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க ஐயா. அங்கிதானா?"

"நான் அதைப் போட்டிருக்கக் கூடாது. ஊரே எதிர்த்து நின்னாலும் போட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

"போடச் சொன்னது நான். அதைக் கேக்கலை. அப்ப என்னை மட்டும் ஏன் விட்டுச்சு? அதே அங்கி. அதே கட்டி."

லம்ஸ்டன் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்த அங்கி எப்படி இருந்துச்சு, கிரிசல்?"

"எப்படி இருக்கும்? புதுசு. அன்னைக்குத்தான் முதல் தடவையா உடுத்தி சர்ச்சுக்குப் போயிருந்தாரு. தையக்காரன் போட்ட கோடு கூட..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.  அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெல்லா. அன்னைக்கு மேசையில விரிச்ச விரிப்பு?"

"வெளுத்ததுதான்டி. முந்தின நாள் கொதிக்க வச்சது."

அவள் நடந்து வெளியே போனாள். அவ்வளவு வருஷம் எத்தனை பேரை அந்த அங்கியைத் தொட வைத்து மேசைக்கு அனுப்பினாள் என்று அவள் எண்ணிக்கொண்டே போயிருப்பாள். நான் பின்னாலேயே போனேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கடலில் போய் விழுந்துவிடுவாளோ என்று அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலய மணி அடித்து ஊர் உள்ளே போனது. கிரிசல் அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு கழுவுமிடத்துக்கு வந்தாள். ஓய்வுநாளில் எங்கள் ஊரில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடவே யோசிப்பார்கள். துணி துவைப்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

"நாளைக்குத் துவைக்கலாம்டி. நானே துவைக்கிறேன்," என்றேன்.

"அது என் வீட்டுக்கு வந்ததும் ஞாயித்துக்கிழமைதான். தொட்டியை நிரப்பு. வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

"பச்சைத் தண்ணி. வெந்நீர் ஊத்தினா ரத்தம் உறைஞ்சுடும்."

என்னைத் தொட விடவில்லை. அங்கி முதலில் முங்க மறுத்து மிதந்தது. முழங்கையால் அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் தேநீர் நிறமாகி, பழுப்பாகி, கறுத்தது. கொட்டினோம், நிரப்பினோம். அந்த வாடை எழுந்து சுவரெல்லாம் ஏறியது. எத்தனை பேர் அதற்குள் இருந்தார்கள்! நான் வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்தேன், அவள் நிமிரக் கூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சிவப்பாகி, இளஞ்சிவப்பாகி, கடைசியில் வெறும் தண்ணீராக வந்தது. பிறகு சோப்பு போட்டுக் கொதிக்க வைத்தாள். பிழிந்து உதறியபோது அது ஒரு சாதாரணக் கறுப்புக் கம்பளி அங்கி. குட்டையான ஒரு மனிதருடையது, முழங்கையில் தேய்ந்துபோனது. இதற்காகவா இத்தனை காலம் பயந்தோம் என்றிருந்தது எனக்கு.

துணி உலர்த்தும் கயிறு தேவாலயத்துக்குப் போகும் பாதையோரம்தான். அதன் நடுவில் கொண்டுபோய் மாட்டினாள். பிரசங்கம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது அது காற்றில் கை வீசிக்கொண்டிருந்தது.

முதலில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. பிறகு பித்தளைப் பொத்தான்களை யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு பெண் வீறிட்டாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஸ்கீன் வந்தார், கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"ஓய்வுநாள்ல துவைச்சியா? அதுவும் இம்ரியோட அங்கியை? ஏ கிரிசல், உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? அது மருத்துவமனைச் சொத்து! இந்த ஊரோட சொத்து! அதைத் தொட உனக்கு யார் உரிமை கொடுத்தது?"

கூட்டத்தின் ஓரத்தில் லம்ஸ்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிரிசல் யாரையும் பார்க்கவில்லை. ஈர அங்கியின் கையைப் பிடித்து, ஒரு சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள். தண்ணீரில் ஊறிய அவள் கைகள் வெளுத்துப் போயிருந்தன.

"இதுல முதல்ல பட்டது என் ரத்தம் ஐயா. கடைசியா பட்டது என் பிள்ளை ரத்தம். இது எங்க வீட்டுத் துணி. நான் துவைக்கிறேன்."